இரவல் முற்றங்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்களுடைய முற்றம் காணாமல்போயிற்று.

முற்றம் என்று நாம் சொல்வது பெருந்தளம் ஒன்றில் ஏழு வருடங்களாக இயங்கிவந்த ஒரு குழுவை. தளத்தின் பெயர் இங்கு முக்கியமல்ல, எல்லாப் பெருந்தளங்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவைதாம். ஊரவர்களும் ஊர் விட்டவர்களுமாக அதில் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தோம். மரண அறிவித்தல்கள், பாடசாலைப் படங்கள், அகதி விசாரணைக்குப் போகிறவர்களுக்கான புத்திமதிகள், எந்தக் குசினியில் ஆள் தேவை என்ற தகவல்கள், எந்த முதலாளி சம்பளம் தராமல் ஏய்க்கிறான் என்ற எச்சரிக்கைகள் என எல்லாம் அங்கிருந்தன. இவற்றோடு 2009இல் காணாமலாக்கப்பட்ட ஒருவருடைய படமும் இருந்தது. அதை இட்டவர் எங்களோடு வேலை செய்பவர், படத்திலிருப்பவர் அவருடைய தமையன். அந்தப் படத்தின் கீழே, தமையனைக் கடைசியாகக் கண்டவர்கள் பதினொரு பேர் தாம் கண்ட இடத்தையும் நாளையும் எழுதியிருந்தார்கள். பதினொருவரில் இருவர் இப்போது உயிருடன் இல்லை.

அந்தக் காலையில் திரையிலிருந்தது ஒரேயொரு வரி: சமூக விதிகளை மீறியமையால் இக்குழு நீக்கப்பட்டுள்ளது. எந்த விதி, எந்தப் பதிவு, முறையிட்டவர் யார் என்ற கேள்விகள் எதற்கும் அதில் பதில் இல்லை. மேன்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினோம். நாலு நிமிடத்தில் மறுப்பு வந்தது. ஏழு வருட எழுத்தை நாலு நிமிடத்தில் வாசித்து முடிக்கக்கூடிய மனிதர் எவரும் இல்லை, ஆகவே அதை மனிதர் எவரும் வாசிக்கவில்லை என்று விளங்கிக்கொண்டோம். எங்களில் பலருடைய அகதி விண்ணப்பம் முதற்தடவை நிராகரிக்கப்பட்டபோது வந்த கடிதத்தில்கூட ஒரு கையொப்பம் இருந்தது. நிராகரிப்புக்கான காரணம் என்று, பிழையாகவேனும், இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். அடுத்து எங்கே முறையிடலாம், எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்றும் போட்டிருந்தார்கள். ஓர் அரசாங்கம் அகதிக்குக் கொடுக்கும் அந்த அற்ப மரியாதையைத்தானும் தளம் எமக்குத் தரவில்லை.

ஆனால் இக்கட்டுரை தளத்துக்கு எதிராக எழுதப்படுவதல்ல. கம்பனி கம்பனியாகத்தான் நடந்துகொள்ளும். இது எமது ஆட்களுக்கு எதிராக எழுதப்படுகிறது. அன்று மாலை நாம் கேட்ட வார்த்தை இதுதான்: "அவன்ர இடம், அவன் பூட்டுவான். நாங்கள் என்ன செய்யேலும்?" சொன்னவர் அடுத்தநாளே அதே தளத்தில், அதே பெயரின் பின்னால் ஓர் இரண்டைச் சேர்த்துப் புதிய குழு திறந்தார். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். பதினொரு சாட்சியங்கள் மட்டும் போய்ச் சேரவில்லை.

வீடு, வளவு, எல்லைக்கல், உறுதி என்று மூன்று தலைமுறையாக நீதிமன்றப் படியேறிய சமூகம் நாம். வேலிக் கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டதற்காக உடன்பிறந்தவர்களோடு பேச்சை நிறுத்தியவர்கள் நாம். இராணுவம் பிடித்த காணியை விடு என்று வருடக்கணக்காக வீதியில் குந்தியிருப்பவர்களும் எங்கள் தாய்மார்தான். அப்படிப்பட்ட நாம், எமது முழு நினைவையும் பேச்சையும் சண்டையையும் துக்கத்தையும் எவனோ ஒருவனுடைய காணியில், உறுதியும் இல்லாமல் வாடகைத் துண்டும் இல்லாமல் எப்படி இவ்வளவு இலகுவாகக் கொட்டிவைத்தோம்?

* * *

இணையம் என்றால் இப்படித்தான், அது தொடக்கத்திலிருந்தே கம்பனிகளின் சொத்து என்று நம்புகிறவர்கள் எம்மிடையே அதிகம். அது வரலாறு அல்ல.

நாம் வாழும் இந்த பிரான்சிலேயே 1970களின் தொடக்கத்தில் லூயி பூசான் என்ற பொறியியலாளரின் தலைமையில் சிக்லாட் என்றொரு கணனி வலையமைப்பு உருவாக்கப்பட்டது. செய்தியைச் சிறு பொட்டலங்களாக உடைத்து, ஒவ்வொரு பொட்டலத்தையும் தன்வழியே போகவிடுவது, வலையின் நடுவில் எந்த அதிகாரியையும் வைக்காமல் பொறுப்பை இரு முனைகளிலும் உள்ள கணனிகளிடம் கொடுப்பது என்பதே அதன் அடிப்படை. இன்றைய இணையத்தின் நெறிமுறைகளை வடித்தவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். ஆனால் பிரெஞ்சு அரசின் தபால், தொலைபேசித் துறையினருக்கு நடுவில் அதிகாரி இல்லாத வலை பிடிக்கவில்லை. சிக்லாட்டுக்கான பணம் நிறுத்தப்பட்டது. பதிலாக 1980களில் வீட்டுக்கு வீடு மினிற்றெல் வந்தது. நடுவில் தொலைபேசித் துறை, ஓரத்தில் வாடிக்கையாளர். மினிற்றெல் 2012 ஜூன் 30ஆம் திகதி நிறுத்தப்பட்டது. நடுவில் ஆள் இல்லாத வலை உலகத்தைப் பிடித்தது.

அந்த வலையின் மேல் வந்ததுதான் வையவிரிவு வலை. ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் அதை முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் நிறுவனம் அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அந்த ஒரு முடிவினால்தான் எவரிடமும் அனுமதி கேட்காமல் எவரும் இணையத்தில் தமக்கென்று ஒரு வீடு கட்ட முடிந்தது.

நெறிமுறை என்ற சொல்லைக் கேட்டதும் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். விஷயம் மிக எளியது. பாரிசில் முத்திரை ஒட்டிப் போட்ட கடிதம் பருத்தித்துறைக்குப் போகிறது. பிரெஞ்சுத் தபாலும் இலங்கைத் தபாலும் ஒரே முதலாளியின் சொத்தல்ல. 1874இல் பேர்ணில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டின் வழிவந்த ஏற்பாடு அது. மின்னஞ்சலும் அப்படித்தான். ஒரு கம்பனியின் பெட்டியிலிருந்து இன்னொரு கம்பனியின் பெட்டிக்கு இன்றும் போகிறது, ஏனெனில் 1982இலேயே அதற்கொரு பொது நெறிமுறை எழுதப்பட்டுவிட்டது. "உன் அம்மாவின் கடிதம் வேண்டுமென்றால் நீயும் எங்கள் தபாற்கந்தோரில்தான் சேரவேண்டும்" என்று எந்தத் தபாற்காரரும் எம்மிடம் சொல்லவில்லை. சமூக வலைத்தளங்கள் அதைத்தான் சொல்கின்றன. நாமும் தலையாட்டுகிறோம்.

கதவுகள் ஒரேநாளில் அடைபடவில்லை. முதலில் திறந்துவைத்து ஆட்களைச் சேர்த்து, சேர்ந்தபிறகுதான் அடைத்தார்கள். கூகிள் 2005இல் கொண்டுவந்த உரையாடற் சேவை, எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறையில் இயங்கியது. வேறு சிறு வழங்கிகளில் இருந்தவர்களும் அதனூடு பேசமுடிந்தது. 2013இல் புதிய செயலியைக் கொண்டுவந்தபோது அந்த வாசலைக் கைவிட்டார்கள். எந்தத் தளத்தில் எழுதப்பட்டாலும் ஓரிடத்தில் திரட்டி வாசிக்க உதவிய கூகிள் றீடரை அதே வருடம் ஜூலை 1ஆம் திகதி மூடினார்கள். அதற்கு முன்னர், சாதாரண மனிதர்கள் கட்டிய பக்கங்களால் நிறைந்திருந்த ஜியோசிற்றீசை வாங்கிய யாஹூ, 2009 ஒக்ரோபரில் அதை அழித்தது. எஞ்சியதை ஓரளவு காப்பாற்றியவர்கள் சம்பளமில்லாமல் இரவிரவாகப் பிரதியெடுத்த தொண்டர்களே. ருவிற்றரை 2022 ஒக்ரோபரில் 44 பில்லியன் டொலருக்கு ஒரு தனிமனிதர் வாங்கினார். அடுத்த வருடமே, வெளியார் எழுதிய சிறு மென்பொருட்கள் அதனுடன் இணைந்து இயங்க இருந்த இலவச வழி அடைக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் கூடிப் பேசிய ஒரு சந்தை, ஒரு காணிக் கைமாற்றத்தில் குணம் மாறிற்று.

* * *

"அரசாங்கத்தைவிடக் கம்பனி பரவாயில்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எமது நாட்டின் அண்மைக்கால வரலாற்றையே பார்ப்போம்.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. எரிக்கச் சொல்லும் சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில் பரவின. அவற்றைப் பற்றி அங்குள்ள சிவில் அமைப்புகள் முறையிட்டும் உரிய நேரத்தில் பயனிருக்கவில்லை. பிறகு அரசாங்கம் என்ன செய்தது? பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் முழு நாட்டுக்கும் சில நாட்கள் அடைத்தது. பேஸ்புக் அந்த வன்முறையில் தனது பங்குக்கு 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்காரருக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு மன்னிப்பு. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் அரசு அதே பொத்தானை அழுத்தியது. மியன்மாரில் றோகிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்புவதில் பேஸ்புக் வகித்த பங்கை ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழு 2018இல் வெளிப்படையாகவே சொன்னது.

கம்பனியா அரசா என்ற தெரிவே பொய்யானது என்பதே இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது. ஒரு முழு நாட்டின் பேச்சு மூன்று நாலு வாசல்களூடாக மட்டுமே போகும்போது, அந்த வாசலில் நிற்கும் கம்பனிக்கும் அதைப் பூட்டவல்ல அரசுக்கும் ஒரே நேரத்தில் பலம் கூடுகிறது. கனடாவில் நடந்ததையும் ரொறன்ரோ நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்ற சட்டம் 2023 ஜூனில் நிறைவேறியது. அதை மறுத்த மெற்றா, ஓகஸ்ட் மாதம் தொடங்கித் தனது தளங்களில் செய்திகளையே தடுத்தது. அதே ஓகஸ்டில் காட்டுத்தீ காரணமாக யெலோநைவ் நகரத்தின் ஏறத்தாழ 20,000 பேரும் வெளியேற வேண்டியிருந்தது. தீ எங்கே வந்துவிட்டது என்ற செய்தியை அந்த மக்கள் தாம் கூடும் இடத்தில் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. அரசுக்கும் கம்பனிக்குமான பேரத்தில் மக்கள் பணயமாக இருந்தார்கள்.

எங்கள் நண்பரின் தமையனுடைய படத்துக்கு நடந்ததும் தனி நிகழ்வல்ல. 2017இல் யூரியூப், தீவிரவாதக் காட்சிகளைக் களையவென்று இயந்திரங்களை ஏவியபோது, சிரிய யுத்தத்தின் கொலைகளுக்குச் சாட்சியாக இருந்த ஆயிரக்கணக்கான காணொளிகளும் அகற்றப்பட்டன. கொலையாளியின் பிரசாரத்துக்கும் கொல்லப்பட்டவரின் சாட்சியத்துக்கும் வித்தியாசம் அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. சிரியர்கள் எம்மைவிட ஒரு விடயத்தில் முன்னே நின்றார்கள். 2014இலேயே சிரியன் ஆர்க்கைவ் என்ற முயற்சியைத் தொடங்கித் தங்களிடம் பிரதிகளை எடுத்து வைத்திருந்தார்கள். நாம் வைத்திருக்கவில்லை. 1981இல் ஒரே கட்டடத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்த சமூகம், ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கக்கூடாது என்ற பாடத்தை வருடாவருடம் நினைவுக் கூட்டங்களில் சொல்லுகிறது. கூட்டத்தின் படங்களைக் கொண்டுபோய் ஒரே கம்பனியின் களஞ்சியத்தில் வைக்கிறது.

* * *

இனி மாற்று என்ன என்ற கேள்வி.

2016இல் ஜேர்மனியில் வாழ்ந்த ஒயிகன் றொக்கோ என்ற இளைஞர் மஸ்ரொடொன் என்ற மென்பொருளை வெளியிட்டார். அதுபோன்ற பல மென்பொருட்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான அக்ரிவிற்றிபப் என்ற நெறிமுறையை 2018 ஜனவரியில் வையவிரிவு வலைச் சங்கம் தனது பரிந்துரையாக ஏற்றுக்கொண்டது. இதன்படி ஒரு சங்கமோ ஒரு வாசகர் வட்டமோ ஒரு தெருவோ தமக்கென்று ஒரு வழங்கியை வைத்துக்கொள்ளலாம். அந்த வழங்கியின் விதிகளை அவர்களே எழுதலாம். அங்கிருந்து கொண்டே, வேறு ஆயிரம் வழங்கிகளில் இருப்பவர்களோடு பேசலாம். வீடு எங்களுடையது, ஒழுங்கை எல்லோருடையது.

இங்கே பிரான்சில் பிரமாசொவ்ற் என்றொரு சிறு சங்கம் இருக்கிறது. ஆசிரியர்களும் தொண்டர்களுமாகத் தொடங்கியது, மக்கள் கொடுக்கும் நன்கொடையில் இயங்குவது. 2014இல் அது கூகிளின் பிடியிலிருந்து இணையத்தை விடுவிப்போம் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. கூட்டாக எழுதும் தாள், நாட்குறிப்பு, வாக்கெடுப்பு என்று முப்பதுக்கு மேற்பட்ட சேவைகளை மூன்று நாலு வருடத்தில் இலவசமாகத் திறந்தார்கள். சனம் குவிந்தது. வேறு எவராயிருந்தாலும் கட்டடத்தைப் பெருப்பித்திருப்பார்கள். அவர்கள் 2019 செப்ரெம்பரில் தங்கள் சேவைகளிற் பலவற்றைப் படிப்படியாக மூடப்போவதாக அறிவித்தார்கள். எல்லோரும் எங்களிடமே வந்தால் நாங்களும் இன்னொரு மையமாகிவிடுவோம், உங்கள் ஊரிலேயே இதை நடத்துகிறவர்களிடம் போங்கள் என்பதே அவர்களின் நிலைப்பாடு. அதற்காக 2016இலேயே சிறு சிறு வழங்கி நடத்துனர்களின் கூட்டொன்றை உருவாக்க உதவியிருந்தார்கள். பெருகியபோது தானாகவே சிறுத்துக்கொண்ட ஒரு சங்கத்தை எமது சமூகத்தில் எவராவது கண்டிருக்கிறீர்களா? பிரிந்ததனால் சிறுத்த சங்கங்களை மட்டுமே நாம் கண்டிருக்கிறோம்.

ஆயினும் இந்த வடிவம் எமக்குப் புதியதல்ல. 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்புக்கு நிரந்தரத் தலைவரோ தலைமையகமோ இருக்கவில்லை. ஒரு சந்திப்பு முடியும்போது அடுத்ததை எந்த நகரத்தவர் பொறுப்பேற்கிறார்களோ அவர்களே நடத்தினார்கள். புகலிடத்தின் சிறுசஞ்சிகைகளும் அப்படித்தான். கையெழுத்திலும் தட்டச்சிலும் போட்டோக் கொப்பியிலும் வெளிவந்த அவை ஒன்றையொன்று திட்டின, ஒன்றையொன்று மறுபிரசுரம் செய்தன. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று வந்தது. எமக்கு முன்னால் இந்தக் குசினிகளில் கோப்பை கழுவியவர்கள், நெறிமுறை என்ற சொல்லைக் கேள்விப்படாமலே ஒரு பரவலான வலையமைப்பை நடத்திக் காட்டினார்கள். அவற்றில் எஞ்சியவற்றை இன்று நாம் வாசிக்க முடிவது 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினர் பக்கம் பக்கமாக மின்வருடித் திறந்த வலையில் வைத்ததால்தான். 1990களின் அந்தச் சஞ்சிகைகளை இப்போது தேடி எடுக்கலாம். 2015இல் பெருந்தளத்தில் நடந்த ஒரு விவாதத்தை எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

* * *

இதைச் சொன்னால் வரும் மறுப்புகள் எமக்குத் தெரியும்.

முதலாவது: "எல்லாரும் அங்கதானே இருக்கினம்." எல்லோரும் கொழும்பிலிருந்தார்கள் என்பதற்காக எவரும் தம் ஊர் வீட்டை இடிக்கவில்லை. எவரையும் அங்கிருந்து இன்றே எழுந்து வரும்படி நாம் கேட்கவில்லை. முதலில் உன் வீட்டில் எழுது, பிறகு அதன் பிரதியைச் சந்தையில் கொண்டுபோய் ஒட்டு என்கிறோம். இப்போது செய்வது மறுவளமானது. மூலத்தைச் சந்தையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறோம்.

இரண்டாவது: "உது படிச்ச ஆக்களின்ர வேலை." நாம் பல்கலைக்கழகத்தை முடிக்காதவர்கள். எங்களில் ஒருவருக்குக் கணனியில் தெரிந்தது விசைப்பலகை மட்டுமே. குழு பூட்டப்பட்ட பிறகு ஆறு பேர் சேர்ந்து, ஆளுக்கு மாதம் ஐந்து யூரோ போட்டு ஒரு வழங்கியை வாடகைக்கு எடுத்தோம். இரவு வேலை முடிந்து ஒரு மணிக்குப் பிறகு கைநூலை வாசித்து நிறுவினோம். நிறுவிய மூன்றாம் மாதம் அது விழுந்தது. வேற்று வழங்கிகளிலிருந்து வரும் படங்களின் பிரதிகள் எமது தட்டை நிரப்பிவிட்டன என்று கண்டுபிடிக்க இரண்டு இரவு பிடித்தது. பழைய பிரதிகளைக் கிரமமாக அழிக்க ஒரு கட்டளை உண்டு, அதைப் போடத் தவறியிருந்தோம். அடுப்புப் புகைபோக்கியை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் தீப்பிடிக்கும் என்பதை அறிந்தவனுக்கு இது விளங்காத விஞ்ஞானமல்ல. பராமரிப்பு என்பது படிப்பல்ல, பழக்கம்.

தமிழர் இதைவிடக் கடினமானதைச் செய்திருக்கிறார்கள். ஒருகாலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். பாமினியில் எழுதியதைப் பாமினி இல்லாத கணனியில் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், எமது பயன்பாட்டுக்கு அது முழுமையாக வந்துசேர வருடக்கணக்காகப் பலர் சம்பளமின்றி உழைத்தார்கள். எழுத்தைக் கம்பனியின் எழுத்துருவிலிருந்து விடுவித்த நாம், பேச்சைக் கம்பனியின் தளத்திலிருந்து விடுவிக்க முடியாதென்கிறோம்.

மூன்றாவது மறுப்பு பாரதூரமானது. நண்பர் ஒருவர் கேட்டார்: "சமூகம் நடத்தும் எண்டு சொல்லுறியள். எந்தச் சமூகம் அண்ணை? கோயில் நிர்வாகமோ? ஊர்ச்சங்கமோ? கம்பனிக்காரனாவது என்ர சாதியைக் கேக்கேல்லை." இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக எமக்கு உரிமையில்லை. சமூகம் என்ற சொல்லின் பெயரால்தான் இந்தப் புகலிடத்தில் வாய்கள் அடைக்கப்பட்டன. 1994 மே 1ஆம் திகதி பாரிஸ் பகுதியில் தமது வீட்டில் வைத்துச் சபாலிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ்நூல்களைப் பதிப்பித்த மனிதர். எமக்கு அப்போது நாலைந்து வயது, சிலர் பிறக்கவுமில்லை. ஆனால் அந்த மௌனத்தை நாமும் சொத்தாகப் பெற்றிருக்கிறோம்.

எமது வழங்கியிலும் இது வந்தது. இரண்டாம் மாதமே ஒருவர் இன்னொருவரைச் சாதிப் பெயர் சொல்லி ஏசினார். ஏசியவர் மாதப் பணத்தை ஒழுங்காகத் தருபவர், எங்களில் ஒருவருக்கு உறவினரும்கூட. ஏசப்பட்டவர் பணம் தராதவர். ஒன்றரை நாள் நாம் முடிவெடுக்கவில்லை. அந்த ஒன்றரை நாளை நாம் மறைக்க விரும்பவில்லை, அது எமது வெட்கம். பிறகு பதிவை நீக்கினோம், எழுதியவரை வெளியேற்றினோம், காரணத்தை எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வைத்தோம். அவர் எம்மைச் சர்வாதிகாரிகள் என்றார். இருக்கலாம். ஆனால் எமக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, எழுதிய காரணம் இருந்தது, அடுத்த ஞாயிறு நேரில் வந்து சண்டைபிடிக்க ஒரு மேசையும் இருந்தது.

ஆகவே மூன்றாவது மறுப்புக்கு எமது பதில் "சமூகத்தை நம்பு" என்பதல்ல. எவரையும் முற்றாக நம்பத் தேவையில்லாதபடி கட்டு என்பதே. ஒரே தமிழ்த்தளம் ஒன்றை உலகத் தமிழருக்கெல்லாம் கட்டுவோம் என்று எவராவது வந்தால் அவரை முதலில் எதிர்ப்பவர்கள் நாமாக இருப்போம். நூறு சிறு வீடுகள் வேண்டும். தலித்துகளுக்கு, பெண்களுக்கு, பால்புதுமையினருக்கு, மலையகத்தவர்களுக்கு, முஸ்லிம்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு மூலை தருகிறோம் என்ற பெருந்தன்மை வேண்டாம். அவர்கள் தம் வீட்டைத் தாமே கட்டி, எங்களுக்குக் கதவைத் திறப்பதா பூட்டுவதா என்று தீர்மானிக்கட்டும். 2019இல் காப் என்ற தீவிர வலதுசாரித் தளம் மஸ்ரொடொன் மென்பொருளுக்கு மாறி வந்தபோது எந்தத் தலைமையகமும் ஆணையிடவில்லை. பெரும்பாலான வழங்கிகள் தாம்தாமாகவே அதற்குக் கதவடைத்தன. அதனுடைய மென்பொருளை எவரும் பறிக்கவில்லை, ஆனால் அதனோடு பேச எவரும் கடமைப்பட்டிருக்கவுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேறும் உரிமை வேண்டும். அகதிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓரிடம் வாழ முடியாததாகும்போது உறவுகளையும் கையிலெடுத்துக்கொண்டு இன்னோரிடம் போக முடிவதே சுதந்திரத்தின் கடைசி எல்லை. மஸ்ரொடொனில் ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எம்மைப் பின்தொடர்பவர்கள் கூடவே வருகிறார்கள். எழுதியவை வருவதில்லை, அவற்றைத் தனிக்கோவையாக இறக்கி வைத்துக்கொள்ள மட்டுமே முடியும். இது பெரிய குறை. நாம் இதை மறைத்து விற்க வரவில்லை. உறவுகளையும் எழுத்தையும் சேர்த்து விட்டுவிட்டு ஓடிவர வேண்டிய இடத்தோடு ஒப்பிட்டே பேசுகிறோம்.

* * *

நாம் பட்டறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம்.

முகவரியைச் சொந்தமாக வாங்குங்கள், ஆனால் அதுவும் எவனோ ஒருவனுடைய காணியில்தான் என்பதை மறவாதீர்கள். ஆப்கானிஸ்தானின் பின்னொட்டில் பெயர் வைத்திருந்த ஒரு பால்புதுமையினரின் மஸ்ரொடொன் வழங்கி, 2024 பெப்ரவரியில் தலிபான் அரசால் தன் முகவரியை இழந்தது. எந்த நாட்டின் பின்னொட்டு என்று பார்த்து வாங்குங்கள்.

சாவியை ஒருவரிடம் வைக்காதீர்கள். எங்கள் வழங்கியின் கடவுச்சொற்கள் மூவரிடம் இருக்கின்றன. மூவரும் ஒரே வீட்டில் இல்லை, ஒரே இயக்கப் பின்னணியிலும் இல்லை. மூத்த சஞ்சிகையாளர் ஒருவர் இறந்தபோது அவரிடமிருந்த பெட்டிகள் நிலவறையில் ஈரம் பட்டுக் கிடந்ததை நாம் கண்டோம். எமது தலைமுறையில் பெட்டியும் இருக்காது, கடவுச்சொல் மனிதரோடு எரிந்துவிடும்.

பணத்தைச் சீட்டுப் பிடிப்பது போல் பிடியுங்கள். எமது பெண்கள் உறுதியும் வங்கியும் இல்லாமல் சீட்டுக் கட்டி வீடு வாங்கியிருக்கிறார்கள். முப்பது பேர் மாதம் இரண்டு யூரோ போட்டால் ஒரு வழங்கி ஓடும். கணக்கைப் பகிரங்கமாக வையுங்கள். கணக்குக் காட்டாத தமிழ்ச்சங்கம் போதுமானளவு இருக்கிறது.

விதிகளைச் சண்டை வருவதற்கு முன்னால் எழுதுங்கள். எமது ஒன்றரை நாள் தாமதம் விதி இல்லாததால் வந்தது.

எழுதுகிற எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு பிரதி, வேற்றூரில் ஒரு பிரதி, நூலகம் போன்ற பொது இடத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

இவற்றைச் செய்தால் பெருந்தளங்கள் இடிந்து விழுந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. எமது வழங்கியில் இன்று எண்பத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறோம், பழைய குழுவில் பத்திலொரு பங்கும் இல்லை. சில கிழமைகளில் எவரும் எதுவும் எழுதுவதில்லை.

ஆனால் எங்கள் நண்பர் தமையனைப் பற்றி மீண்டும் எழுதியிருக்கிறார். படம் இல்லை. அது இருந்த தொலைபேசி எப்போதோ உடைந்துவிட்டது. உயிரோடிருக்கும் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, கண்ட இடத்தையும் நாளையும் திரும்ப எழுதும்படி கேட்டார். இதுவரை ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். மற்ற மூவரும் இப்போது பயமாயிருக்கிறது என்றோ, ஞாபகமில்லை என்றோ சொல்கிறார்கள். அந்த ஆறு குறிப்புகளும் மூன்று ஊர்களில் மூன்று பிரதிகளாக இருக்கின்றன. மிச்ச ஐந்துக்கும் யாரிடம் கணக்குக் கேட்பது?

"அவன்ர இடம், அவன் பூட்டுவான்" என்று சொன்னவரிடந்தான் இந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம்.